மாமி கை மயிலாப்பூர் போய் வந்த கதை

சிங்கப்பூர் போய் வந்தவர்கள் விமானத்தில் கொடுத்த பன்னைப் பற்றியே நாலு பக்கம் எழுதிவிடுகிறார்கள். நான் வாரத்தில் ஆறு நாள் வெளிநாடு போய் வருகிறேன். இதுவரை ஒரு வரி எழுதியதில்லை. பெரும்பாக்கத்திலிருந்து மயிலாப்பூர். இது எப்படி வெளிநாடு என்று கேட்பவர்கள், காலை ஒன்பது மணிக்கு வேளச்சேரியைத் தாண்டிக் காட்டிவிட்டு அப்புறம் பேசட்டும்.

பிறந்தது என்னவோ உள்நாட்டில்தான். அடையாற்றங்கரையில் எங்கள் வீடு இருந்தது. ஆற்றை அழகாக்கப் போகிறோம், நீங்கள் நின்றால் அழகு தெரியாது என்று சொல்லி, கட்டில், பீரோ, கோழிக்கூண்டு சகிதமாக எங்களை லாரியில் ஏற்றி, ஊருக்கு வெளியே எட்டு மாடிக் கட்டடத்தில் இறக்கினார்கள். அன்றிலிருந்து நாங்கள் ஏற்றுமதிச் சரக்கு. ஆனால் விசித்திரமான சரக்கு. தினமும் காலையில் தானாகவே ஊருக்குள் திரும்பி வந்து, வீடு பெருக்கி, கார் துடைத்து, மாவரைத்துவிட்டு, சாயங்காலம் மறுபடி தானாகவே ஏற்றுமதியாகிக்கொள்ளும்.

என் பெயர் டில்லி. டில்லிபாபு. சென்னையைத் தாண்டியதில்லை; நான் பார்த்த ஒரே டில்லி கண்ணாடியில்தான். மயிலாப்பூர்த் தெப்பக்குளத்துக்குப் பின்னால் ஒரு சந்தில், பட்சணக் கடையில் வேலை. கடை டப்பாவின் மேல் ஒரு மாமியின் படம் இருக்கும்: மூக்குத்தி, மடிசார், கையில் முறுக்கு. கீழே ‘மாமி கைமுறுக்கு’ என்று எழுதியிருக்கும். அந்த மாமி நிஜமானவர், முதலாளி வரதன் மாமாவின் மனைவி. மகளின் பிரசவத்துக்கு அமெரிக்கா போனார். பேரன் பிறந்தான், மாமிக்கு அந்த ஊர் பிடித்துவிட்டது, இரண்டு வருஷமாகத் திரும்பவில்லை. மாமி போய்விட்டார், கை மட்டும் மயிலாப்பூரில் நின்றுவிட்டது. அந்தக் கை, என் கை.

கைமுறுக்கு அச்சில் பிழிவதில்லை. அரிசி மாவும் உளுந்து மாவும் வெண்ணெயும் சேர்த்துப் பிசைந்த உருண்டையை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் நெருடி நெருடி, வெள்ளைத் துணியின் மேல் வட்டம் வட்டமாகச் சுற்றிக்கொண்டே போக வேண்டும். கடையில் விற்பது ஐந்து சுத்து. கல்யாணத்துக்கு ஏழு, ஒன்பது. பதினோரு சுத்து என்றால் சாப்பாட்டுத் தட்டு அகலம் வரும். சீர்த்தட்டில் வைத்து ஊரைப் பொறாமைப்பட வைப்பதற்கு. பத்தாவதில் கணக்குப் பாடம் என்னைக் கைவிட்டது. சுத்துக் கணக்கு மட்டும் கைவிடவில்லை.

இரண்டு வருஷம் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போன பிறகு, போன மாதம் ஒரு பழைய பைக் வாங்கினேன். லைசென்ஸ் வந்த மறுவாரம், ஒரு திங்கட்கிழமை, முதன்முதலாக என் சொந்த வாகனத்தில் வெளிநாடு புறப்பட்டேன்.

பயணம் பிரமாதம் என்று சொல்லத்தான் ஆசை. வேளச்சேரியில் முந்தின நாள் மழைக்கு ரோடு குளமாகியிருந்தது. எனக்கு முன்னால் போன ஸ்கூட்டர் ஒரு பள்ளத்தில் இறங்கி, ஹெல்மெட்டாக மட்டும் மேலே தெரிந்தது. நான் கைப்பிடியை உயிரைப் பிடிப்பதுபோல் பிடித்துக்கொண்டேன். கிண்டியில் பின்னால் வந்த ஆட்டோக்காரர், “முறுக்கு நைனா, முறுக்கு! தூங்கிக்கினே ஓட்டுவியா?” என்றார். முறுக்கினேன். மயிலாப்பூர் போய்ச் சேரும்வரை அத்தனை பேரும் அந்த ஒரே வார்த்தையைத்தான் சொன்னார்கள். என் தொழில் ஊர் முழுக்கத் தெரிந்திருக்கிறது போல.

கடையில் உட்கார்ந்து முதல் முறுக்கைச் சுற்றினேன். மூன்றாவது சுத்தில் வலது மணிக்கட்டில் யாரோ ஊசி ஏற்றியதுபோல் இருந்தது. விரல் மரத்துப் போனது. மாவு அறுந்தது. மறுபடி சுற்றினேன், மறுபடி அறுந்தது. வரதன் மாமா வந்து துணியை எட்டிப் பார்த்தார்.

“என்னடா இது? முறுக்கா, பாம்பு உரிச்ச சட்டையா?”

“மணிக்கட்டு வலிக்குது மாமா.”

“போன வாரம் வரைக்கும் நன்னாத்தானே இருந்தது?”

“போன வாரம் வரைக்கும் பஸ்ல வந்தேன் மாமா.”

மாமா என் கையைப் பார்த்தார். வாசலில் நிற்கும் பைக்கைப் பார்த்தார். மறுபடி கையைப் பார்த்தார். “சனிக்கிழமை சாயங்காலம் கல்யாணக்காரா சீர் எடுத்துக்க வரா. அம்பத்தொண்ணு பதினோரு சுத்து. வெள்ளிக்கிழமை கார்த்தால சுத்த ஆரம்பிச்சாகணும். உன்னால முடியாதுன்னா இப்பவே சொல்லிடு. ஒருத்தன் முறுக்கு மிஷினை வச்சிண்டு மூணு மாசமா என் பின்னாடி அலையறான். திங்கக்கிழமை வரச் சொன்னா ஓடி வருவான். மிஷினுக்கு லீவு வேண்டாம், மத்தியானச் சாப்பாடு வேண்டாம், மணிக்கட்டும் கிடையாது.”

இதுதான் என் நிலவரம். வெள்ளிக்கிழமைக்குள் கை சரியாக வேண்டும். இல்லாவிட்டால் மாமி கை என்ற பதவியிலிருந்து நான் நீக்கப்பட்டு, அந்த இடத்தில் ஒரு மிஷின் அமரும். படத்தில் மாமி அப்படியே சிரித்துக்கொண்டிருப்பார்.

மயிலாப்பூர்க்காரர்களிடம் ஒரு நல்ல குணம் உண்டு. வலி என்று சொன்னால் போதும், ஆளாளுக்கு ஒரு வைத்தியம் தருவார்கள். சீடை வாங்க வந்தவர் விளக்கெண்ணெய் என்றார். பின்னாலேயே வந்தவர், விளக்கெண்ணெய் தடவினால் கை போய்விடும், வெந்நீர் ஒத்தடம் என்றார். சந்து முனையில் பூ விற்கும் செல்வி அக்கா மட்டும் என் கையைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை.

“கண்ணுடா. புது வண்டி வாங்கினு அப்டியே சீன் போட்டுக்கினு வந்தா, ஊரு பாக்காம இன்னா பண்ணும்?”

“புது வண்டி இல்லக்கா. என்ன விட வயசானது.”

“அப்போ வண்டி கண்ணு உன் மேல பட்டுக்கீது” என்று சொல்லி, பூ கட்டும் கூடையிலிருந்து கறுப்புக் கயிறு ஒன்றை எடுத்து மணிக்கட்டில் முடிந்துவிட்டார். வலி அப்படியே இருந்தது. ஆனால் பார்ப்பவர்கள் மரியாதை கூடியது.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் அடையாறு போனேன். அங்கே கைகால் வலிக்குப் பயிற்சி கொடுக்கும் டாக்டரம்மா ஒருவர் இருந்தார். அடையாறு சுத்தமான தேசம். மரத்துக்குக்கூடப் பெயர்ப்பலகை உண்டு. மக்கள் ஓடுவதற்கென்றே தனியாக உடை உடுத்தி ஓடுகிறார்கள், யாரும் துரத்துவதில்லை. காத்திருந்த இடத்தில் என் பக்கத்தில் கழுத்துப்பட்டை போட்ட ஒருவர் போனில் இங்கிலீஷில் பேசிக்கொண்டிருந்தார். எனக்குப் புரிந்த அளவு தமிழில் தருகிறேன்: “கழுத்தைத் திருப்ப முடியவில்லை, விரல் மடங்கவில்லை, மூன்று நாளாகத் தூக்கமும் இல்லை. ஆனால் வேலை ரொம்பப் பிடித்திருக்கிறது.” எதிர்முனையில் இருந்தது மேலதிகாரியாகத்தான் இருக்க வேண்டும்.

டாக்டரம்மாவுக்கு என் அக்கா வயது இருக்கும். மணிக்கட்டை இப்படியும் அப்படியும் மடக்கிப் பார்த்தார்.

“என்ன வேலை பாக்கறீங்க?”

“முறுக்கறேன் மேடம்.”

“ஆக்ஸிலரேட்டரா?”

“அதுவும் முறுக்குவேன். ஆனா வேலை முறுக்கு.”

“சரி, ஒரு நாளைக்கு எவ்ளோ நேரம் முறுக்குவீங்க?”

“எட்டு மணி நேரம் மேடம்.”

“எட்டு மணி நேரமா? டெலிவரி பண்றீங்களா?”

“இல்ல மேடம், ஒரே இடத்துல உக்காந்துக்கினு முறுக்குவேன்.”

“வண்டிய ஸ்டாண்டு போட்டா?”

நான் மேஜையில் ஒரு வெள்ளைத்தாளை விரித்து, காற்றிலே மாவு வைத்து ஐந்து சுத்து சுற்றிக் காட்டி, மாமி கைமுறுக்கு, இரண்டு வருஷ வேலை, இரண்டு நாள் பைக் என்று விவரம் சொன்னேன். அவருக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆனது. புரிந்ததும் நாற்காலியில் சாய்ந்து சிரித்தார். சிரித்து முடித்துவிட்டு, “ரெண்டு வருஷமா முறுக்கு சுத்தி வராத வலி, ரெண்டு நாள் வண்டி ஓட்டி வந்திருக்கு. அப்போ குத்தவாளி யாரு? வண்டிய நீங்க எப்படிப் பிடிக்கறீங்கன்னு யாரையாவது பாக்கச் சொல்லுங்க. அதுவரைக்கும் வண்டிக்கு லீவு விடுங்க” என்றார். கிளம்பும்போது மெதுவாக, “அந்த மாமி கைமுறுக்கு நாங்களும் வாங்குவோம். மாமி நல்லா இருக்காங்களா?” என்றார்.

“மணிக்கட்டுதான் கொஞ்சம் வலி மேடம்” என்றேன்.

லீவு விடச் சொன்னாரே தவிர, வண்டியை வீட்டுக்கு யார் கொண்டுபோவது? அன்று சாயங்காலம் ஓட்டித்தான் ஆக வேண்டும். போகிற வழியில், கைக்கு உறை போட்டால் சரியாகிவிடும் என்று எனக்கு நானே ஒரு வைத்தியம் சொல்லிக்கொண்டு தி. நகர் போனேன். தி. நகரில் நாம் நடக்க வேண்டியதில்லை. ரங்கநாதன் தெரு முனையில் நின்றால் போதும், கூட்டமே நம்மை நடத்திக் கொண்டுபோய் மறுமுனையில் விட்டுவிடும். நடுவில் எங்கோ மிளகாய்ப்பொடி போட்ட மாங்காய்ப் பத்தை வாங்கினேன். என் வாய்க்கு வருவதற்குள் அதில் பாதி யாருடைய புடவையிலோ போய்விட்டது.

நடைபாதைக் கடைக்காரர் ஒரு ஜோடிக் கையுறையை என் முகத்துக்கு நேரே ஆட்டினார். “பாரின் சரக்கு பா. இத்த போட்டுக்கினா கை வலியே தெரியாது. கை இருக்கறதே தெரியாது.” ஜோடி ரப்பர் பேண்டு போட்டு இறுக்கிக் கட்டியிருந்தது. வாங்கி வீட்டில் பிரித்தால், இரண்டும் இடது கை.

அம்மா பார்த்துவிட்டு, “பரவால்ல, திருப்பிப் போட்டுக்கோ” என்றார். திருப்பிப் போட்டேன். உள்ளங்கைக்கு வரவேண்டிய தோல் புறங்கையில் முதலை முதுகுபோல் நின்றது. உள்ளங்கையில் வெறும் வலைத்துணி. கட்டைவிரல் மட்டும் எப்படியோ சமாளித்துக்கொண்டது. அப்போதைக்கு அதுவே போதும் என்று வைத்துக்கொண்டேன்.

புதன்கிழமை வண்டிக்கு லீவு விட்டு, பஸ்ஸில் போனேன். பழைய நண்பர்கள் எல்லாரும் படிக்கட்டில் இருந்தார்கள். எனக்கும் ஒரு கால் வைக்க இடம் விட்டு, ஜன்னல் கம்பியில் ஒரு சாண் ஒதுக்கித் தந்தார்கள். லாரியில் ஏற்றப்பட்ட பிறகும் பழைய பள்ளிக்கூடத்துக்கே போன காலத்திலிருந்து நான் தொங்கிய கம்பி. வலது கையால் கம்பியைச் சுற்றி இறுக்கினேன். பஸ் ஒரு குலுக்கு குலுக்கியது. சுருக்கென்று வலித்தது. பைக்கில் வலித்த அதே இடத்தில், அதே ஊசி. எனக்குக் கொஞ்சம் யோசனையாக இருந்தது. ஆனால் யோசிக்க வேண்டுமானால் இரண்டு காலும் படிக்கட்டில் இருக்க வேண்டும். பத்தே முக்காலுக்குப் போய்ச் சேர்ந்தேன். வரதன் மாமா கடிகாரத்தைப் பார்த்தார். போனில் முறுக்கு மிஷினின் வீடியோவை வைத்துக்கொண்டு, எனக்குக் கேட்கும்படி, “ஆஹா” என்று மட்டும் சொன்னார்.

வியாழக்கிழமை காலையில் வண்டியை எடுத்துக்கொண்டு நேரே ஈக்காட்டுத்தாங்கல். அங்கே சலீம் இருக்கிறான், மெக்கானிக், என்னோடு ஆற்றங்கரைப் பள்ளிக்கூடத்தில் படித்தவன், இந்த வண்டியை எனக்கு வாங்கிக் கொடுத்தவன். நான் தெருமுனையில் திரும்பும்போதே கையிலிருந்த டீயைக் கீழே வைத்துவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தான்.

“டேய் டில்லி, அப்டியே நில்லு. ஆடாத. கைய மட்டும் எட்றா பாக்கலாம்.”

எடுக்கப் பார்த்தேன். வரவில்லை. விரல்கள் கைப்பிடியோடு ஒட்டிக்கொண்டதுபோல் மடங்கி நின்றன. அவன்தான் ஒவ்வொன்றாகப் பிரித்து எடுத்தான்.

“அரே, இன்னாடா இப்டி புட்ச்சிக்கினு கீற? பஸ் கம்பியா இது? வுட்டா வுழுந்துடுவியா? வண்டி மேல குந்திக்கினு கீறடா நீ, வண்டில தொங்கிக்கினு இல்ல!”

சொன்னதும் எனக்கு உறைத்தது. எங்கள் ஏரியாப் பையன்களுக்குக் கை என்றால் கம்பி பிடிக்கிற கைதான். விட்டால் பின்சக்கரம் என்று பத்து வயதிலிருந்து கைக்குச் சொல்லிக் கொடுத்து வைத்திருக்கிறோம். அந்தக் கைக்கு வண்டி மாறியது தெரியாது. உட்கார்ந்த பிறகும் அது தொங்கிக்கொண்டுதான் வருகிறது.

சலீம் என்னை உட்கார வைத்துப் பக்கத்திலிருந்து பார்த்தான். பிரேக் லீவரும் கிளட்ச் லீவரும் வானத்தைப் பார்த்து நின்றன. அதைப் பிடிக்க நான் மணிக்கட்டை மேலே மடித்து வைத்திருந்தேன். நட்டைத் தளர்த்தி இரண்டையும் கீழே சாய்த்தான். இப்போது முழங்கையிலிருந்து விரல்வரை ஒரே நேர்கோடு. கிளட்ச் ஒயருக்கு எண்ணெய் விட்டான். “நாலு வெரல் எதுக்கு? ரெண்டு போதும். முட்டியால டேங்க்க புடி. ஒடம்பு வெயிட்ட அது தாங்கும். கை வண்டிய திருப்பத்தான், உன்ன தாங்க இல்ல.” பிறகு பன் பட்டர் ஜாமும் டீயும் வாங்கித் தந்தான். பன்னை நான் பிடித்த பிடியில் ஜாம் வெளியே வந்துவிட்டது. “பாரு, பன்னையும் பஸ்ஸா நெனச்சுக்கினான்” என்றான்.

புத்திக்குப் புரிந்தது, கைக்குப் புரியவில்லை. சைதாப்பேட்டை தாண்டுவதற்குள் ஒரு தண்ணி லாரி பக்கத்தில் வந்து ஹாரன் அடித்தது, கை மறுபடி பஸ் ஏறிவிட்டது. கடைக்கு வந்தபோது வலி பாதி குறைந்திருந்தது. மிச்சப் பாதி நன்றாகவே இருந்தது.

மறுநாள் காலையில் ஐம்பத்தொன்று தொடங்க வேண்டும். வெள்ளோட்டம் பார்க்க ஒரு உருண்டையைக் கையில் எடுத்தேன். அப்போதுதான் என் கையையே நான் முதல் தடவையாகப் பார்த்தேன். மாவை நான் பிடிக்கவேயில்லை. அது உள்ளங்கையில் சும்மா உட்கார்ந்திருந்தது. இறுக்கினால் வெண்ணெய் கக்கும், விட்டால் அறுந்துவிடும். இரண்டுக்கும் நடுவில் ஒரு பிடி. மணிக்கட்டு நேராகக் கிடக்கிறது, முறுக்குவது எல்லாம் விரல் நுனி. ஒரே உடம்பில் ஒரு முறுக்குக் கையும் ஒரு பஸ் கையும் வைத்துக்கொண்டு, வண்டிக்குத் தப்பான கையைக் கூட்டிக்கொண்டு போயிருக்கிறேன்!

ஓடிப்போய் வாசலில் ஸ்டாண்டு போட்டிருந்த பைக்கின் மேல் உட்கார்ந்தேன். வலது கைப்பிடியைச் சுற்றி ஒரு விரல் கனத்துக்கு மாவை அப்பினேன். என்ஜின் ஓடவில்லை, வண்டி நகரவில்லை. அதைப் பிடித்துக்கொண்டு, மனசுக்குள்ளேயே வேளச்சேரிப் பள்ளம், கிண்டி ஆட்டோ, சைதாப்பேட்டை லாரி எல்லாவற்றையும் வரச் சொன்னேன். கையை எடுத்துப் பார்த்தால் மாவில் நாலு விரலும் ஆழமாகப் பதிந்திருந்தன. வழித்துவிட்டு மறுபடி அப்பினேன். மறுபடி லாரி. இந்தத் தடவை மூன்று விரல். சந்தில் போகிறவர்கள் நின்று பார்த்தார்கள்.

“டேய் டில்லி,” செல்வி அக்கா பூக்கூடைக்குப் பின்னாலிருந்து கத்தினார், “இன்னாடா, வண்டிக்கு மாவு ஊட்றியா?”

“பசிக்குதாம்க்கா!”

“அப்போ என் கூடைக்கு ரெண்டு இட்லி வாங்கினு வா!”

ஏழாவது தடவை, லாரி வந்து போன பிறகும் மாவில் ஒரு சின்னப் பள்ளம்கூட இல்லை. இன்னொன்றும் தெரிந்தது: கைப்பிடி கொஞ்சம் தடிமனாக இருந்தால் விரல் அதிகம் மடங்க வேண்டாம், கைக்குச் சுகமாக இருக்கிறது. வரதன் மாமா வாசலுக்கு வந்து, மாவு பூசிய வண்டியைப் பார்த்துவிட்டு, வந்த சுவடு தெரியாமல் உள்ளே போனார். மிஷின்காரனுக்குப் போன் போட்டாரோ என்னவோ.

வெள்ளிக்கிழமை காலை முறுக்குக் கையோடு புறப்பட்டேன். மாவு இல்லை, மாவின் நினைப்பு மட்டும். இரண்டு விரல் லீவர்மேல், முட்டி டேங்கில், முழங்கை லேசாக மடங்கி. பின்னால் யாரோ, “முறுக்கு, முறுக்கு” என்றார்கள். விரலால் முறுக்கினேன். கோட்டூர்புரம் பாலத்தில் சிக்னலுக்காக நின்றபோது கீழே எட்டிப் பார்த்தேன். எங்கள் தெரு இருந்த இடத்தில் பச்சைக் கம்பிவேலி, நடைபாதை, ஒரு பெஞ்சு. பெஞ்சில் ஒரு நாய் படுத்திருந்தது. சொன்னபடியே அழகாகத்தான் இருக்கிறது. நாய்க்கு மட்டும் எப்படியோ தங்க அனுமதி கிடைத்திருக்கிறது.

அன்று முழுக்கச் சுற்றினேன். ஊசி வரவில்லை. லேசாக ஒரு அலுப்பு. அது வேலையின் அலுப்பு, பழகினது. முப்பத்திரண்டு. சனிக்கிழமை காலையில் மிச்சம் பத்தொன்பது. கடைசி முறுக்கின் பதினோராவது சுத்தில், வால் சேரும் இடத்துக்கு வந்தேன். மாமா பக்கத்தில் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார். “மாமா, நீங்க மூச்சு விடுங்க, காத்து வரட்டும்” என்றேன். விட்டார். வால் சேர்ந்தது. தேங்காயெண்ணெயில் எல்லாம் முழுசாகப் பொரிந்து வந்தன, ஒன்றுகூட உடையாமல்.

சாயங்காலம் நாலு மணிக்குப் பெண் வீட்டிலிருந்து பெண்ணின் அத்தை வந்தார். கண்ணாடி போட்டவர், எதையும் ஒரு தடவைக்கு இரண்டு தடவை பார்க்கிறவர் என்று பிற்பாடு மாமா சொன்னார். நான் சமையலறைத் திரைக்குப் பின்னால் இருந்தேன். சீர்க்காரர்கள் வரும்போது எனக்கு அங்கேதான் இடம். அது கடைச் சட்டம். இரண்டு வருஷமாக வந்த கல்யாணக்காரர்கள் எல்லாரும் எனக்கு வெறும் குரல்கள்தான்.

“என்ன அழகு! என்ன அழகு!” என்றது குரல். “இந்தக் காலத்துல யார் இப்படிச் சுத்தறா? மாமியைக் கூப்பிடுங்கோ. தாம்பூலம் கொண்டு வந்திருக்கேன். சுத்தின கைக்கு மரியாதை பண்ணாம சீரை எடுத்துண்டு போகப்படாது, எங்காத்து வழக்கம்.”

வரதன் மாமா இருமினார். “மாமி... மடியா இருக்கா. வெளில வரமாட்டா.”

“அதனாலென்ன, நான் உள்ள வரேன்.”

“ஐயோ, வேண்டாம்! மடியான்னா, ரொம்ப மடி.”

“சரி, திரைக்கு இந்தப் பக்கம் கையை மட்டும் நீட்டச் சொல்லுங்கோ. கைக்குத்தானே மரியாதை?”

திரையின் ஓரமாக மாமாவின் செருப்புக் கால் மட்டும் எனக்குத் தெரிந்தது. அதன் கட்டைவிரல் என்னைப் பார்த்துத் துடித்தது. என்ன செய்ய? முழங்கைவரை அரிசி மாவை அள்ளிப் பூசிக்கொண்டேன். வலது கையைத் திரைக்கு வெளியே நீட்டினேன், இறுக்கமில்லாமல், விரல் லேசாக மடங்கி. மாவுப் பிடி.

வெற்றிலை, பாக்கு, இரண்டு வாழைப்பழம், மேலே வழவழவென்று ஒரு துணி. ஒவ்வொன்றாகக் கையில் ஏறியது. பிறகு அந்த அம்மா என் கையை இரண்டு கையாலும் பிடித்து, குனிந்து, கண்ணில் ஒற்றிக்கொண்டார். கண்ணாடி மணிக்கட்டில் சில்லென்று பட்டது. எனக்குக் கையை இழுத்துக்கொள்ளத் தோன்றியது; இழுக்கவில்லை. பஸ்ஸிலும் சரி, வேறு எங்கேயும் சரி, என் கையை யாரும் கண்ணில் ஒற்றிக்கொண்டதில்லை.

நிமிர்ந்தவர் கொஞ்ச நேரம் கையை விடவில்லை. பார்க்கிறார் என்று தெரிந்தது. மாவுக்குக் கீழே கறுப்புக் கயிறு. கறுப்புக் கயிற்றுக்குக் கீழே, எவ்வளவு மாவு பூசினாலும் மறையாத ரோமம். சலீம் கடை கிரீஸ் நகக்கண்ணில் இன்னும் இருந்திருக்கும்.

“நன்னாயிருங்கோ” என்றார். கல்லாப் பெட்டியின் மேல் என் ஹெல்மெட்டும் கையுறையும் கிடந்தன. திரும்பிப் போகிற செருப்புச் சத்தம் அங்கே நின்றது.

“வண்டி பாத்து ஓட்டுங்கோ மாமி. இந்தக் கையுறை ரெண்டுமே இடது கையா இருக்கு.”

கார் போகிற சத்தம் கேட்ட பிறகுதான் நான் திரையை விலக்கினேன். வரதன் மாமா நாற்காலியில் உட்கார்ந்து முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டிருந்தார். பயந்திருக்கிறார் என்று நினைத்தேன். துண்டை எடுத்தால், சிரித்துக்கொண்டிருக்கிறார். போனை எடுத்து மிஷின்காரரைக் கூப்பிட்டார்.

“திங்கக்கிழமை வரவேண்டாம் ஓய். ஒண்ணு கேக்கறேன், உம்ம மிஷின் தாம்பூலம் வாங்கிக்குமோ? வாங்கிக்காதா? அப்ப வேண்டாம்.”

தாம்பூலத் துணியைப் பிரித்துப் பார்த்தேன். பச்சைப் பட்டில் ஜரிகை போட்ட ரவிக்கைத் துணி. அம்மாவுக்குக் கொடுக்கலாம் என்று முதலில் நினைத்தேன். அப்புறம், மரியாதை யாருக்கு வந்தது? கைக்கு. வாசலுக்குப் போய், துணியை நீளவாக்கில் இரண்டாகக் கிழித்து, இரண்டு கைப்பிடியிலும் சுருக்கமில்லாமல், நகராமல், அழுத்தமாகச் சுற்றி முடிந்தேன். எண்ணிப் பார்த்தால் ஒரு பக்கம் சரியாகப் பதினோரு சுத்து. கை போய் அதில் தானாக உட்கார்ந்தது.

வீடு திரும்பும் வழியில், அடையாறு சிக்னலில் டிராபிக் போலீஸ்காரர் என்னை ஓரம் கட்டச் சொன்னார். லைசென்ஸைப் பார்த்தார். ஹெல்மெட்டைப் பார்த்தார். பிறகு ஜரிகை மின்னும் கைப்பிடியை லத்தியால் தட்டினார்.

“இன்னாடா இது? ரவிக்கை துணி மாறி கீது?”

“ரவிக்கை துணிதான் சார். மாமிக்கு மரியாதை பண்ணாங்க.”

“எந்த மாமி?”

கிளட்சிலிருந்து இரண்டு விரலை எடுத்து, அவருக்கு ஒரு வணக்கம் வைத்தேன்.

“நாந்தான் சார்.”